சூப்பர்சார்ஜர் கூட்டைக் கையால் திருத்துதல்: எங்கே அராவலாம், எங்கே கூடாது

ஜெனரல் மோட்டார்ஸின் 3800 எஞ்சினைத் தெரிந்தவர்களுக்கு ஈட்டன் எம்90 சூப்பர்சார்ஜரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1996 முதல் ப்யூக், போன்டியாக் கார்களில் வந்த 3.8 லிட்டர் வி6 எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்து, கூடுதல் காற்றை உள்ளே தள்ளி, 240 குதிரைத்திறன் தர உதவிய அலுமினியப் பெட்டி அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய கார்களை உடைத்து விற்கும் யார்டுகளில் இன்றும் கிடைக்கிறது. விலை குறைவு, பிரித்துப் பார்ப்பதும் எளிது. அதனாலேயே வீட்டுக் கராஜில் அரமும் உப்புத்தாளும் வைத்து வேலை செய்பவர்கள் முதலில் கைவைக்கும் சூப்பர்சார்ஜராக அது ஆகிவிட்டது. கூட்டின் உள்வாயைப் பெரிதாக்குகிறார்கள், வார்ப்புப் பிசிறுகளை எடுக்கிறார்கள், சிலர் முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றுகிறார்கள். போர்ட்டிங் என்று இந்த வேலைக்குப் பெயர்.

இதனால் பலன் உண்டா, எவ்வளவு, எந்த இடத்தில் என்பது பல ஆண்டுகளாக ஓயாத கேள்வி. முப்பது, நாற்பது குதிரைத்திறன் கூடியதாகச் சொல்பவர்களும் உண்டு, ஒன்றுமே கூடாது என்பவர்களும் உண்டு. கருவியின் இயக்கத்தையும் கொஞ்சம் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சர்ச்சையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். வேலை மதிப்புள்ளதுதான். ஆனால் பலர் மணிக்கணக்கில் உழைக்கும் இடம் வேறு, பலன் இருக்கும் இடம் வேறு.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிதான் எம்90இன் மூதாதை. அது முதலில் ஊதியது உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் கொண்டுவந்த 71 வரிசை டீசல் எஞ்சின்களில் அதே வகைக் கருவி இருந்தது. அந்த 6-71 ஊதுகருவிகளைக் கழற்றித் தங்கள் பந்தயக் கார்களில் பொருத்தியவர்கள் ஹாட் ராட் இளைஞர்கள். தொழிற்சாலைக் கருவியை வீட்டில் திருத்துவது அவர்கள் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். ஈட்டன் நிறுவனம் தன் எம்90ஐ 1989 ஃபோர்டு தண்டர்பேர்ட் சூப்பர் கூப் காரில் கொடுத்தது. அதன் பெரிய அண்ணன் எம்112, 1999 ஃபோர்டு லைட்னிங் வண்டியிலும் 2003 மஸ்டாங் கோப்ராவிலும் வந்தது. சிறிய தம்பி எம்45ஐ 2002 முதல் 2006 வரையிலான மினி கூப்பர் எஸ் காரில் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் உள்ளமைப்பு ஒன்றே என்பதால், எம்90 பற்றிச் சொல்வது ஏறக்குறைய மற்றவற்றுக்கும் பொருந்தும்.

பெயரில் உள்ள எண் கொள்ளளவைக் குறிக்கிறது. ரோட்டர்கள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 90 கன அங்குலம், அதாவது சுமார் 1.47 லிட்டர் காற்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும். உள்ளே இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றிலும் மூன்று மடல்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 60 டிகிரி முறுக்கு. பின்முனையில் த்ராட்டில் பாடி வழியாகக் காற்று நுழைகிறது. மடலுக்கும் கூட்டின் உட்சுவருக்கும் நடுவில் அகப்பட்டுச் சுற்றிவந்து, அடிப்பக்கத்தில் முக்கோண வடிவில் இருக்கும் வாய் வழியாக மானிஃபோல்டுக்குள் இறங்குகிறது. ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, கூட்டையும் தொடுவதில்லை. நடுவில் இருப்பது தலைமுடி கனத்துக்கு ஒப்பான இடைவெளி மட்டுமே.

இந்த வகைக் கருவி காற்றைத் தனக்குள் அமுக்குவதில்லை. அகப்பட்ட காற்று சாதாரண அழுத்தத்திலேயே வாய்வரை வருகிறது. வாய் திறந்த கணத்தில் மானிஃபோல்டில் ஏற்கெனவே நெருக்கிக் கிடக்கும் காற்று பின்னோக்கிப் பாய்ந்து அதன்மேல் மோதுகிறது. அமுக்கம் நடப்பது அங்கேதான். சூடு பிறப்பதும், ரூட்ஸ் கருவிகளுக்கே உரிய ஊளைச் சத்தம் பிறப்பதும் பெரும்பாலும் அந்தப் பின்பாய்ச்சலில்தான். ஈட்டன் பொறியாளர்கள் வெளிவாயின் இருபுறமும் வெட்டியிருக்கும் ஒடுங்கிய பிளவுகள், அந்தப் பாய்ச்சலை ஒரே அடியாக விடாமல் சிறிது முன்கூட்டியே கசியவிட்டு மெதுவாக்குவதற்காக. வார்ப்பில் ஏதோ தேவையில்லாத பள்ளம் என்று நினைத்து அந்தப் பிளவுகளை அகலப்படுத்துவது தவறு.

ஆகவே கூட்டின் ஒவ்வொரு விளிம்பும் வெறும் வழியாக மட்டும் இல்லை, வால்வாகவும் வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் ஆர்எக்ஸ் 100 மோட்டார்சைக்கிளின் சிலிண்டரை அராவிய மெக்கானிக்குகளுக்கு இது புரியும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை உயர்த்தினால் வழி அகலுவது மட்டுமல்ல, திறக்கும் நேரமும் மாறிவிடும். சூப்பர்சார்ஜரிலும் அப்படியே. மடலின் நுனி எந்த விளிம்பைக் கடக்கும்போது உள்வாய் மூடுகிறதோ, எந்த விளிம்பைக் கடக்கும்போது வெளிவாய் திறக்கிறதோ, அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே காற்று முழுதாக அடைபட்டிருக்க வேண்டும். மூன்று மடல் ரோட்டரில் மடலுக்கு மடல் 120 டிகிரி. அதில் பாதியை முறுக்கே எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் அடைப்பு நேரம் தாராளமானதல்ல. வெளிவாயை ரோட்டர் ஓடும் உட்சுவர்ப் பக்கத்தில் சில மில்லிமீட்டர் நீட்டினாலும் வாய் முன்னதாகத் திறக்கும், பின்பாய்ச்சலும் முன்னதாகவே தொடங்கும். உள்வாயையும் சேர்த்து நீட்டிவிட்டால் அழுத்தக் காற்று நேராக உள்வாய்க்கே தப்பும். பூஸ்ட், அதாவது மானிஃபோல்டில் சேரும் கூடுதல் அழுத்தம், குறையும்; சூடு கூடும். ஈட்டன் பின்னாளில் 2009 கார்வெட் இசட்ஆர்1 காருக்காகக் கொடுத்த டிவிஎஸ் வகைக் கருவியில் நான்கு மடல்களும் 160 டிகிரி முறுக்கும் வந்ததன் பின்னணியில் இந்த நேரக் கணக்கு இருக்கிறது. அது மடலை மாற்றித் தீர்க்க வேண்டிய பிரச்சினை, அரத்தால் தீர்வதில்லை.

இனி எண்களைப் பார்ப்போம். எஞ்சின் தன் உச்சத் திறனைத் தரும் 5200 சுற்றில், ரோட்டர் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில், நிமிடத்துக்குச் சுமார் 10,400 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கசிவுகள் போக விநாடிக்கு 200 லிட்டர் காற்று நுழைகிறது என்று கொண்டால், 75 மி.மீ. விட்டமுள்ள வாயில் அதன் வேகம் விநாடிக்கு 45 மீட்டர். அந்த வேகத்தின் இயக்க அழுத்தம் சுமார் 1200 பாஸ்கல். வழியில் ஏற்படும் எல்லா இழப்புகளும் இதன் பங்குகளே.

சுவர் சொரசொரப்பாக இருப்பதால் வரும் உராய்வு எவ்வளவு? சூப்பர்சார்ஜரின் நுழைவழி மிகக் குட்டையானது, விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு நீளம் என்று தாராளமாகவே வைக்கலாம். குழாய்ப் பாய்வின் வழக்கமான சூத்திரப்படி உராய்வு இழப்பு சில பத்து பாஸ்கல்தான். வார்ப்புச் சுவரைக் கண்ணாடி போல ஆக்கினால் மிச்சமாவது அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் உப்புத்தாளோடு உட்கார்ந்து தேய்த்ததன் கூலி இவ்வளவுதான்.

அதே இடத்தில் ஒரு கூர்மையான விளிம்பு இருந்தால் கதை வேறு. கூரான வாய் வழியாக நுழையும் காற்று இயக்க அழுத்தத்தில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. விளிம்பை நன்றாக உருட்டிவிட்டால் இழப்பு அந்த இயக்க அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குகிறது. 600 பாஸ்கல் இருந்த இடத்தில் 60. இதுபோல் த்ராட்டில் பாடிக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு படி, வட்ட வாயிலிருந்து ரோட்டர் அறைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கூர்முனை, ரோட்டருக்குள் நுழையும் இடத்தில் ஒரு நெருக்கல் என்று பல இடையூறுகள் வரிசையாக இருக்கின்றன. நெருக்கலில் வேகம் ஒன்றரை மடங்கானால் இழப்பு இரண்டேகால் மடங்கு. எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் பாஸ்கல் வரலாம். அதில் 3000 பாஸ்கலை மீட்டால் மூன்று சதவீதம் அதிகக் காற்று. 240 குதிரைத்திறனில் அது ஏழு. ஆக, வேலை செய்ய வேண்டியது வடிவத்தில். மெருகில் உழைப்பது வீண்.

இதோடு சூட்டையும் சேர்க்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் நுழையும் காற்றை எட்டு பி.எஸ்.ஐ. பூஸ்டுக்கு அமுக்கினால், இழப்பே இல்லாத கருவியில்கூட அது 40 டிகிரி சூடாகும். செயல்திறன் 55 சதவீதமாக இருந்தால் 73 டிகிரி. 65 சதவீதமானால் 62 டிகிரி. இந்தப் பதினோரு டிகிரி வித்தியாசம் காற்றின் அடர்த்தியில் மூன்று சதவீதம். இதைவிட முக்கியம், 3800 எஞ்சினில் அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தொழிற்சாலை கொடுக்கவில்லை. சூடான காற்று அப்படியே சிலிண்டருக்குள் போகிறது. சூடு கூடினால் நாக்கிங் (எரிபொருள் கலவை முறைதவறி வெடிப்பது) வரும், கணினி இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், திறன் சட்டென்று விழும். ஆகவே சூட்டைப் பத்து டிகிரி குறைக்கும் எந்த வேலையும் அடர்த்திக் கணக்கு காட்டுவதைவிட அதிகம் தரக்கூடும். மஸ்டாங் கோப்ராவில் நீரால் குளிரூட்டும் இன்டர்கூலர் உண்டு என்பதால் அங்கே இந்த ஆதாயம் ஓரளவு மங்கும்.

முப்பது, நாற்பது குதிரைத்திறன் போர்ட்டிங்கால் மட்டுமே கிடைத்தது என்ற பேச்சை, ரோட்டர்களைச் சுழற்றும் புல்லியை மாற்றாத எஞ்சினைப் பொறுத்தவரை, நான் ஏற்க மாட்டேன். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஆனால் புல்லி மாற்றியவர்களுக்கு வேறு கணக்கு. 3.8 அங்குலப் புல்லியைக் கழற்றி 3.4 அங்குலம் போட்டால் ரோட்டர் வேகம் 12 சதவீதம் ஏறும், வழியில் ஏற்படும் இழப்போ 25 சதவீதம் ஏறும். இழப்பு வேகத்தின் வர்க்கமாக வளர்வதால், கருவியை விரட்ட விரட்டக் கூட்டைத் திருத்தியதன் பலன் பெருகும். வேகமாக ஓடும் கருவிகளில் போர்ட்டிங் நல்ல பெயர் வாங்கியதற்குக் காரணம் இது.

தொழிற்சாலையே தந்த ஒரு சாட்சியும் இருக்கிறது. 2004 போன்டியாக் கிராண்ட் ப்ரீயில் எம்90இன் ஐந்தாம் தலைமுறை வந்தபோது ஈட்டன் உள்வாயைப் பெரிதாக்கியது, வெளிவாயைத் திருத்தியது, ரோட்டர் பூச்சை மாற்றியது. எஞ்சின் 240இலிருந்து 260 குதிரைத்திறனுக்கு ஏறியது. எஞ்சினில் வேறு மாற்றங்களும் இருந்ததால் இருபதும் கூட்டிலிருந்தே வந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டில் அரம் பிடித்தவர்கள் எந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தார்களோ, பொறியாளர்களும் அதே இடங்களுக்குத்தான் வந்தார்கள். கையால் திருத்துபவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. பழைய கூட்டையும் புதிய கூட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

வேலைக்கு வருவோம். முன்மூக்கை எடுத்த பிறகு ரோட்டர்களும் பற்சக்கரங்களும் ஒரே தொகுப்பாகக் கூட்டிலிருந்து வெளியே வரும். பின்முனையில் ரோட்டர் தண்டுகளைத் தாங்கும் நீடில் பேரிங்குகள் கூட்டிலேயே தங்கும். இவற்றில்தான் வீட்டு வேலையின் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கிரீஸ் நிறைந்த பேரிங்குக்குள் அலுமினியத் துகள் புகுந்தால் எந்தக் கழுவலிலும் போகாது. துணியும் டேப்பும் வைத்து மூடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பேரிங்கைக் கழற்றிவிட்டு வேலை முடிந்ததும் புதியது போடுவதே சரி. பேரிங்கின் விலையையும் ரோட்டரின் விலையையும் ஒப்பிட்டால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. முன்பக்கப் பற்சக்கரங்களுக்கான எண்ணெயும் இந்தச் சமயத்தில் மாற வேண்டும். சாதாரண எஞ்சின் ஆயில் ஊற்றக்கூடாது, அதற்கென்றே தனி எண்ணெய் இருக்கிறது.

அராவும் முன் கோடு போட வேண்டும். நீலச் சாயம் பூசி, புதிய கேஸ்கெட்டை வார்ப்புருவாக வைத்துக் கூர்முனையால் கீறினால் எல்லை கண்ணுக்குத் தெரியும். சுவரின் கனத்தைக் காலிப்பரால் பல இடங்களில் அளந்து கூட்டின் மேலேயே எழுதிவைப்பது நல்லது. வார்ப்பு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. சுவர் ஓட்டையானால் வெல்டிங் வைத்து அடைக்கலாமே என்று தோன்றும். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் விரிகிற உலோகம். ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் சூடு ஏறினால் ரோட்டர் ஓடும் அறையின் வட்டம் குலைந்துவிடும். அந்தத் தலைமுடி இடைவெளியில் குலைந்த வட்டத்துக்கு இடமில்லை. ஓட்டையான கூட்டைத் தூக்கி வைத்துவிட்டு வேறு கூடு தேடுவதே பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

டை கிரைண்டரில் அலுமினியத்துக்கென்று உள்ள பெரிய பல் பர் (சுழலும் வெட்டுமுனை) தான் போட வேண்டும். இரும்புக்கான நெருக்கப் பல் பர்ரில் அலுமினியம் அப்பிக்கொண்டு அடைத்துவிடும், பிறகு பர் துள்ளி உட்சுவரில் கோடு இழுக்கும். மண்ணெண்ணெயோ மெழுகோ அவ்வப்போது தொட்டுக்கொண்டால் அப்புவது குறையும். கருவி இல்லாதவர்கள் அரைவட்ட அரத்தாலேயே நுழைவாயை முடித்துவிடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் கை தவறுவதற்கு வாய்ப்பு குறைவு. முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது அரத்தைத்தான். 80, 120 எண் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளலாம். சுவர் ஓரளவு சொரசொரப்பாக இருந்தால்தான் பெட்ரோல் துளி சுவரில் ஒட்டாமல் காற்றோடு கலக்கும் என்று சிலர் வாதிடுவதுண்டு. கார்புரேட்டர் மேலே உட்கார்ந்த பழைய 6-71 காலத்துக்கு அது பொருந்தும். எம்90 வழியாகப் போவது வெறும் காற்று, பெட்ரோல் அதற்குப் பிறகு இன்லெட் போர்ட்டில்தான் தெளிக்கப்படுகிறது.

வரிசை என்று கேட்டால், த்ராட்டில் பாடியும் கூடும் சேரும் இடத்துப் படியை எடுப்பது முதலில். பிறகு உள்வாயிலிருந்து ரோட்டருக்குத் திரும்பும் வளைவின் உள்மூலையை உருட்டுவது. இங்கே தாராளமாகச் செய்யலாம், வாய் மூடும் நேரத்தைத் தீர்மானிக்கும் விளிம்பை மட்டும் தொடாமல். வெளிவாயில் கஞ்சத்தனம் வேண்டும். ரோட்டர் பக்கத்து விளிம்பு இருந்தபடியே இருக்கட்டும். அதற்குக் கீழே, மானிஃபோல்டை நோக்கிய பக்கத்தில் சுவரைச் சாய்த்து விரித்துவிட்டால் காற்று சுவரில் இடிக்காமல் இறங்கும். கேஸ்கெட் உட்காரும் தளமும், இரண்டு பாகங்களை நேர்வைக்கும் ஊசிகளின் துளைகளும், ரோட்டர் அறையின் உட்சுவரும் தொடவே கூடாத இடங்கள். ரோட்டர் மேலிருக்கும் பூச்சும் அப்படித்தான். அது அழுக்கு மாதிரித் தெரியும். இடைவெளியை அடைத்துக் கசிவைக் குறைக்கிற பூச்சு அது. சுரண்டினால் ஆதாயம் எல்லாம் அங்கேயே போய்விடும்.

கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் உட்காரக்கூடாது. அலுமினியத் தூளும் இரும்பு அரைக்கும் பொறியும் ஒரே மேசையில் சேர்ந்தால் தீப்பிடிக்கும். டிராக் பந்தயக் கருவிகளில் மக்னீசியக் கூடுகள் உண்டு, அவற்றின் சீவல் அதைவிட மோசமாக எரியும். அவற்றை வீட்டில் அராவவே வேண்டாம். முடிந்த கூட்டை வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவல் முடியவில்லை என்று அர்த்தம்.

கையால் செய்தது கம்ப்யூட்டர் எந்திரத்தில் செய்ததற்கு ஈடாகுமா என்று கேட்பார்கள். எந்திரத்தின் பெருமை ஒரே வடிவத்தை நூறு கூடுகளில் திரும்பச் செய்வது. ஒற்றைக் கூட்டை வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. சிராய்ப்புப் பசையை அழுத்தத்தோடு வழிக்குள் செலுத்தித் தேய்க்கும் முறையும் உண்டு. 1990களின் இறுதியில் ஃபோர்டு தன் கான்டூர் எஸ்விடி காரின் இன்டேக் மானிஃபோல்டுக்கே அதைப் பயன்படுத்தியது. நீண்டு வளைந்த, அரம் எட்டாத குழாய்களுக்கு அது பொருத்தம். சூப்பர்சார்ஜர் கூட்டின் வாய்கள் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கின்றன. பசை எல்லாச் சுவரையும் சேர்த்தே தேய்க்கும் என்பதால் ரோட்டர் அறையுள்ள கூட்டுக்குள் அதைச் செலுத்த எனக்குத் துணிச்சல் வராது.

கடைசியாக, பலனை அளப்பது. பெரும்பாலோர் பூஸ்ட் முள்ளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பூஸ்ட் என்பது எஞ்சின் விழுங்காமல் விட்ட காற்றின் நெருக்கடி. உள்வாயைத் திருத்தினால் முள் ஏறலாம், வெளிவாயைத் திருத்தினால் முள் அசையாமலேயே காற்று குளிரலாம். சிலிண்டர் ஹெட்டையும் திருத்தியவருக்கு முள் இறங்கித் திறன் கூடியிருக்கும். முள்ளை நம்பி நல்ல வேலையைக் கெட்டதென்று ஒதுக்கியவர்களும், கெட்ட வேலையைக் கொண்டாடியவர்களும் உண்டு. 3800 எஞ்சினில் காற்றின் எடையை அளக்கும் சென்சார் த்ராட்டில் பாடியிலேயே இருக்கிறது. நாக்கிங்கால் இக்னிஷன் எவ்வளவு பின்வாங்கியது என்பதையும் கணினி சொல்லும். மலிவான ஸ்கேன் கருவி இரண்டையும் பதிவு செய்யும். ரோட்டருக்குப் பிந்தைய காற்றின் சூட்டை அளக்க ஒரு சென்சார் கூடுதலாகப் பொருத்தினால் போதும்.

ஆகவே கூட்டைக் கழற்றுவதற்கு முன்பே, ஒரே சாலையில், ஒரே கியரில், வெளி வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு இந்த மூன்று எண்களையும் எடுத்துவையுங்கள். வேலை முடிந்ததும் அதேபோன்ற நாளில் மீண்டும் எடுங்கள். எங்கே எவ்வளவு அராவினீர்கள் என்ற அளவுகளோடு அவற்றைச் சேர்த்து மற்றவர்களுக்கும் கொடுங்கள். இந்த வேலையில் பளபளக்கும் படங்கள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. அளவோடு வரும் எண்கள்தான் போதவில்லை.